பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறதா? பழைய பிக்அப்பின் 'எர்த்' கோளாறு, எளிய விளக்கம்

என் மச்சான் ஒரு பழைய பிக்அப் வைத்திருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு மீன் லோடு. இன்ஜினில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் போன மழைக்காலத்தில் வண்டிக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் நான்கு மூலையிலும் மஞ்சள் இண்டிகேட்டர்கள் மங்கலாக ஒளிர்ந்தன. இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் சேர்ந்து கண் சிமிட்டியது. இரவில் பிரேக் போட்டால் பின்னால் பளிச்சென்று சிவப்பு எரிவதற்குப் பதில் இருந்த வெளிச்சமும் மங்கியது. பின்னால் வந்த பஸ்காரர் ஒருமுறை வண்டியை நிறுத்தித் திட்டிவிட்டுப் போனார்.

முதலில் பல்புகளை மாற்றினார்கள். அப்புறம் பிரேக் சுவிட்ச். அப்புறம் இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷர். கடைசியில் "பேட்டரி வீக்கு" என்று சொல்லிப் புது பேட்டரியும் போட்டாயிற்று. வண்டி மாறவில்லை. ஒவ்வொரு கடையிலும் ஒரு சொல் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது: "எர்த் பிராப்ளமா இருக்கும்ணே." சொன்னவர்கள் யாரும் அந்த எர்த் எங்கே இருக்கிறது என்று தேடவில்லை. அது ஜோசியத்தில் வரும் சனி மாதிரி, எல்லாவற்றுக்கும் காரணம், ஆனால் யாரும் கையால் தொட்டுப் பார்க்க முடியாத ஒன்று என்று நினைத்திருப்பார்கள் போல.

தொட்டுப் பார்க்கலாம். அளந்தும் பார்க்கலாம். அதற்கு முன் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு சொல், மூன்று பொருள்

வீட்டில் எர்த் என்றால் மூன்று முனை பிளக்கில் இருக்கும் பெரிய முனை. அதிலிருந்து ஒரு கம்பி போய், கரியும் உப்பும் போட்டு மூடிய குழியில் மண்ணுக்குள் முடிகிறது. அது பாதுகாப்புக்கான கம்பி. எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் அதில் கரண்ட் ஓடாது.

"ஃபிரிட்ஜைத் தொட்டா எர்த் அடிக்குது" என்கிறோமே, அங்கே நாம் சொல்ல வருவது மின்கசிவை. ஒர்க்‌ஷாப்பில் "வயர் எர்த் ஆயிடுச்சு" என்றால் அது மூன்றாவது பொருள்: பாசிட்டிவ் வயரின் தோல் உரிந்து வண்டியின் இரும்பில் பட்டுவிட்டது, அதாவது ஷார்ட்.

வண்டியின் எர்த் இந்த மூன்றில் எதுவும் இல்லை. ரப்பர் டயர் மேல் நிற்கிற வண்டிக்கும் மண்ணுக்கும் மின்சார வகையில் எந்த உறவும் கிடையாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் இரும்பு உடம்போடு தடித்த கேபிளால் இணைத்துவிடுகிறார்கள். அதன்பின் ஒவ்வொரு விளக்குக்கும் பாசிட்டிவ் வயர் மட்டும் தனியாக ஓடும். திரும்பி வரும் வழிக்கு வண்டியின் உடம்பே வயர். இந்தத் திரும்பும் வழிதான் வண்டியின் எர்த். செம்பு மிச்சம், வேலை மிச்சம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனையைத்தான் உடம்போடு இணைத்திருந்தார்கள். அதிலும் வண்டி ஓடியது.

ஆக, வீட்டு எர்த்தில் வழக்கமாக ஒன்றும் ஓடாது. வண்டி எர்த்தில், விளக்குக்குப் போகிற கரண்ட் அத்தனையும் திரும்பி ஓடும். குழப்பம் முழுக்க இந்த இடத்தில்தான். எர்த்தை ஏதோ உபரிப் பாதுகாப்பு என்று நினைப்பவர் அதைக் கடைசியில் பார்ப்பார். சர்க்யூட்டின் சரிபாதி என்று தெரிந்தவர் முதலில் பார்ப்பார்.

சைக்கிள் செயின்

சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதித்தால் மேல் பக்கச் செயின் பின் சக்கரத்தை இழுக்கிறது. கீழ்ப் பக்கச் செயின் சும்மா தொங்கிக்கொண்டு திரும்பி வருகிறது. வேலை செய்வது மேல் பக்கம்தான் என்று தோன்றும். கீழ்ப் பக்கத்தை வெட்டிப் பாருங்கள், அடுத்த மிதியில் சக்கரம் நின்றுவிடும்.

மின்சாரமும் அப்படி ஒரு முழு வளையமாகத்தான் ஓடும். இந்த வளையத்துக்குப் பெயர் சர்க்யூட். பேட்டரி பாசிட்டிவில் புறப்பட்டு ஃபியூஸ், சுவிட்ச், வயர், பல்பு, பிறகு வண்டியின் இரும்பு வழியாக பேட்டரி நெகட்டிவ். எந்த இடத்தில் அறுந்தாலும் பல்பு அணையும். "கரண்ட் வரல" என்று நாம் சொல்வது பாதி உண்மை. சில சமயம் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை.

பழைய பிக்அப்பில் இந்தத் திரும்பும் வழி அடிக்கடி கெடுவதற்குக் காரணம் உண்டு. கார் போல ஒரே கூடாக அது செய்யப்படவில்லை. அடியில் சேஸிஸ் என்னும் இரும்புச் சட்டம், அதன் மேல் தனியாக கேபின், பின்னால் தனியாக லோடு தொட்டி. கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ரப்பர். இன்ஜினும் ரப்பர் மவுண்டிங் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது என்பதால் இந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று எர்த் பட்டைகளாலும் வயர்களாலும் இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு லக், அதாவது ஓட்டையுள்ள உலோக நுனி, அதைப் பிடிக்க ஒரு போல்ட், அடியில் பெயின்ட் சுரண்டிய இரும்பு. 10, 15 வருட மழைத் தண்ணீரும் துருவும் போதும், அந்த இரும்புக்கும் லக்குக்கும் நடுவே ஒரு மெல்லிய செதில் வளர. மீன் லோடு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் நேராக அடியில் இருக்கும் போல்ட்டுகள் மேல்தான் விழும்.

"12 வோல்ட் வருதே, ஏன் எரியல?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி எலக்ட்ரீஷியன் ஆனமாதிரி.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியைக் கட்டைவிரலால் இறுக அடைத்துக்கொண்டு, நடுவில் ஒருவரை ஹோஸை மிதிக்கச் சொல்லுங்கள். முழுசாக நசுக்க வேண்டாம், முக்கால்வாசி. விரலில் தண்ணீரின் அழுத்தம் அப்படியே தெரியும், மிதித்திருப்பதே தெரியாது. இப்போது விரலை எடுங்கள். தண்ணீர் பீய்ச்சி அடிக்காமல் சொட்டுச் சொட்டாக வழியும். ஓட்டம் இல்லாதபோது அடைப்பு தெரியவில்லை. ஓட ஆரம்பித்ததும் அழுத்தம் முழுவதையும் அடைப்பே தின்றுவிட்டது.

அந்த அழுத்தம்தான் வோல்ட். ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர். அடைப்பின் தடை ஓம். அடைப்பு தின்ற அழுத்தத்துக்கு வோல்டேஜ் டிராப் என்று பெயர். ஆம்பியரையும் ஓமையும் பெருக்கினால் அந்த டிராப் வந்துவிடும். இதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

ஒரு உதாரணம். 55 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். எரியும்போது அதன் தடை சுமார் 2.6 ஓம். எர்த் போல்ட்டில் துருவால் அரை ஓம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தடை 3.1 ஓம் ஆகிறது, கரண்ட் 3.9 ஆம்பியருக்கு இறங்குகிறது, துரு மட்டும் கிட்டத்தட்ட 2 வோல்ட்டைத் தின்கிறது. பல்புக்கு மிச்சம் 10 வோல்ட். ஆறில் ஒரு பங்குதானே குறைந்தது என்று நினைக்க வேண்டாம். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிடப் பல மடங்கு வேகமாக விழும். 10 வோல்ட்டில் பாதி வெளிச்சம்தான் கிடைக்கும். தின்ற மின்சாரமும் சும்மா போகாது. அந்த இணைப்பில் 7 வாட்டுக்கு மேல் சூடாக மாறும். பழைய வண்டிகளில் வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் உருகிப் பழுப்பாக நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

இப்போது அந்தக் கேள்வி. பல்பைக் கழற்றிவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை ஹோல்டரில் வைத்தால் ஏன் 12 வோல்ட் காட்டுகிறது? டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 1 கோடி ஓம். அதன் வழியாக ஓடும் கரண்ட் அற்பத்திலும் அற்பம். விரலால் அடைத்த ஹோஸ் அது. வழியில் துரு பெரும்பாலும் அடைத்து, கொஞ்சமே ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டும். பல்பைப் போட்டதும் சொட்டுதான். மீட்டர் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தப்பு.

இதனால்தான் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கையில் மீட்டர் இருந்தாலும் டெஸ்ட் லாம்பை விடமாட்டார்கள். ஒரு பல்பு, இரண்டு வயர், ஒரு கூர்முனை, அவ்வளவுதான். அது கொஞ்சம் கரண்டை உண்மையிலேயே இழுத்துப் பார்க்கிறது.

மனதில் வைக்க வேண்டியது: வோல்ட்டை அளப்பதானால் பொருள் வேலை செய்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா நிற்கும் வயரில் அளந்த 12 வோல்ட் எதையும் நிரூபிக்காது.

வழி தேடும் கரண்ட்

சரி, மச்சான் வண்டிக்கு வருவோம். எர்த் போனால் விளக்கு அணையத்தானே வேண்டும், சம்பந்தமில்லாத விளக்கு ஏன் எரிந்தது?

பின்பக்க விளக்குகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எர்த் வயர், அது சேஸிஸில் ஒரு போல்ட்டில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த போல்ட் துருவால் முழுசாகத் துண்டாகிவிட்டது. இப்போது பிரேக்கை மிதிக்கிறோம். கரண்ட் பிரேக் பல்பின் இழை வழியாக வந்து, பின்விளக்குகளின் பொது எர்த் வயரை அடைகிறது. வழக்கமான கதவு பூட்டியிருக்கிறது. ஆனால் அதே வயரில் பின் இண்டிகேட்டர் பல்பின் ஒரு முனையும் இணைந்திருக்கிறது. கரண்ட் அந்தப் பல்புக்குள் பின்வாசல் வழியாக நுழைந்து, இண்டிகேட்டர் வயரில் ஏறி, கேபினைத் தாண்டி முன் இண்டிகேட்டருக்குப் போகிறது. முன் இண்டிகேட்டரின் எர்த் நன்றாக இருப்பதால் அங்கே இறங்கி பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. சுற்றுவழிதான், ஆனால் வளையம் முழுமையாகிவிட்டது.

கணக்கு இதில் அழகாக வந்து விழும். பிரேக் பல்பு 21 வாட், பின் இண்டிகேட்டர் 21 வாட், முன் இண்டிகேட்டர் 21 வாட். ஒரே அளவுள்ள மூன்று பேர் வரிசையில் நின்றால் 12 வோல்ட்டை ஆளுக்கு 4 என்று பிரித்துக்கொள்வார்கள். 12 வோல்ட் பல்புக்கு 4 வோல்ட் கொடுத்தால் கங்கு போலச் சிவந்து மங்கலாக நிற்கும். அவர் பார்த்த பேய் இதுதான்.

இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் சிமிட்டியது ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். இடது பின் பல்பு, பொது எர்த் வயர், வலது பின் பல்பு, வலது முன் பல்பு, எர்த். இரவில் பிரேக் போட்டால் பின்விளக்கு மங்கியதற்கும் காரணம் இதுவே. பின்விளக்கின் ஒரு முனையில் ஏற்கெனவே 12 வோல்ட் இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் மறுமுனையிலும், அதாவது பொது எர்த் வயரிலும், வோல்ட் ஏறிவிடுகிறது. இரண்டு முனைக்கும் நடுவில் வித்தியாசம் குறைந்தால் பல்புக்கு வேலை இல்லை.

ஆகவே ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது என்றால் பல்பையும் சுவிட்சையும் மாற்றக் கிளம்ப வேண்டாம். அந்த இரண்டுக்கும் பொதுவான எர்த் எது என்று தேடுங்கள்.

இதைவிடக் கொடுமையான சுற்றுவழி ஒன்று உண்டு. டீசல் பிக்அப்பின் செல்ஃப் மோட்டார் வண்டியைக் கிளப்பும்போது 200 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடியது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டை அறுந்துபோனால் அத்தனை கரண்டும் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த இரும்பில் எல்லாம் ஓடப் பார்க்கும். கேபிள் சூடாகி உறை உருகியிருந்தால் கேபிளை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள்.

ஃபியூஸும் ரிலேயும், சுருக்கமாக

அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தான் உருகி வயரைக் காப்பாற்றும் மெல்லிய கம்பிதான் ஃபியூஸ். கத்தி வடிவ ஃபியூஸ்களில் நிறமே அளவு: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரும்பாலும் பாசிட்டிவ் வயர் எங்கோ உரசுகிறது என்று பொருள். 10 போகிறதே என்று 30 போடுவது, அல்லது சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி வைப்பது, ஃபியூஸுக்குப் பதிலாக வயரை உருகச் சொல்வதாகும். எர்த் துருப்பிடித்தால் ஃபியூஸ் போகாது, ஏனென்றால் அங்கே கரண்ட் கூடவில்லை, குறைகிறது. ஃபியூஸ் நல்லாத்தானே இருக்கு என்று நிம்மதி அடைய வேண்டாம்.

சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே. வாட்ச்மேனிடம் கை காட்டினால் அவர் பெரிய கேட்டைத் திறப்பது போல. உள்ளே இருக்கும் சுருளின் முனைகளுக்கு 85, 86 என்றும், கேட்டின் இரண்டு பக்கங்களுக்கு 30, 87 என்றும் எண் போட்டிருப்பார்கள். சுவிட்சைப் போட்டதும் டக் என்று சத்தம் கேட்டால் சுருள் வேலை செய்கிறது. கேட் திறந்ததா என்பது அந்தச் சத்தத்திலிருந்து தெரியாது.

தேடும் முறை

முதலில் கையில் எதையும் எடுக்காமல் ஒரு கேள்வி: எத்தனை பொருள் கெட்டிருக்கிறது? ஒரே ஒரு பல்பு என்றால் பல்பு, ஹோல்டர், அதன் வயர். ஒன்றுக்கு மேல் என்றால் அவற்றுக்குப் பொதுவானது எது? ஒரே ஃபியூஸா, ஒரே சுவிட்சா, ஒரே எர்த்தா? ஹாரன், வைப்பர், டேஷ்போர்டு ஃபேன் எல்லாம் ஒன்றாக நின்றால் மூன்றும் ஒரே நாளில் செத்திருக்காது.

டேஷ்போர்டு ஃபேன் மட்டும் ஒரு தனி ரகம். 1, 2, 3-இல் ஓடாமல் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் மோட்டார் நலம். வேகத்தைக் குறைக்க நடுவில் வைத்திருக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். முழு வேகத்தில் கரண்ட் அதைத் தொடாமல் நேராகப் போகிறது. இண்டிகேட்டர் படபடவென்று வேகமாகச் சிமிட்டினால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். பல்பைக் கழற்றி எல்இடி போட்டிருந்தாலும் இதே கதை, ஃபிளாஷர் எதிர்பார்க்கும் கரண்டை அது இழுக்காது.

அடுத்து பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைய சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் ஆல்டர்நேட்டர், நம் ஊர் வழக்கில் டைனமோ, வேலை செய்கிறது. இந்த இரண்டையும் பார்க்காமல் யாராவது பேட்டரி விற்றால் வாங்காதீர்கள்.

எர்த்தைச் சோதிக்க மீட்டர் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. நீளமான வயர் ஒன்றின் ஒரு நுனியை பேட்டரி நெகட்டிவில் மாட்டுங்கள், மறுநுனியைச் சந்தேகப்படும் விளக்கின் எர்த் முனையில் தொடுங்கள். விளக்கு பளிச்சென்று ஆனால் முடிந்தது, பழைய எர்த் வழிதான் குற்றவாளி. மீட்டர் இருந்தால் விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் எர்த்திலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், 0.1 அல்லது 0.2 வோல்ட் வரை போனால் போகட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் அந்த வழியில் அடைப்பு. மீட்டர் முனையை பேட்டரியிலிருந்து விளக்கு நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள்; எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் குதிக்கிறதோ அதுதான் இடம்.

வேலை தொடங்குமுன் மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டிய மோதிரம் நொடியில் பழுக்கும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரணம் இப்போது எளிது: பாசிட்டிவைத் திருகிக்கொண்டிருக்கும் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும், நெகட்டிவ் ஏற்கெனவே விலகியிருந்தால் வளையம் முழுமையாகாது.

போல்ட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டு வாசலில் இதைச் செய்தோம். நான் பிரேக்கை மிதித்துக்கொள்ள, அவர் மீட்டர் முனையைப் பின்விளக்கின் எர்த் வயரில் வைத்தார்.

"எவ்வளவு காட்டணும் மாப்ள?"

"பூஜ்யம்."

"எட்டு காட்டுதே."

கணக்குப்படி அதேதான் வரவேண்டும். வரிசையில் நிற்கும் மூன்று பல்புகளில் முதலாவது 4 வோல்ட்டை எடுத்துக்கொண்டால், பொது வயரில் மிச்சம் 8. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் தொட்டிக்கு அடியில், தண்ணீர் ஒழுகும் ஓட்டைக்கு நேர் கீழே அந்த போல்ட் இருந்தது. லக் பச்சை பூத்திருந்தது, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. புது லக், உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்ப்பு, ஸ்டார் வாஷர், இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ். இந்த முறை எர்த்தை ஓட்டைக்குக் கீழே வைக்காமல் ஒரு முழம் தள்ளி சேஸிஸின் உள்பக்கம் மாற்றினோம். மறுபடி பிரேக்கை மிதித்தேன். மீட்டரில் 0.1. பின்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பையன் கண் கூசுகிறது என்றான்.

கழற்றிய பழைய பேட்டரியைக் கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டுவிட்டார். அதை அளந்து பார்த்திருக்கலாம் என்று மச்சான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.